அறுபது என்று எழுதிய சீட்டு

நான் பணியாற்றிய காரைக்கால் மருத்துவமனை ஆய்வகத்திற்குப் புதிதாக ஒரு கணினி வந்திருக்கிறது. திசு ஒட்டிய கண்ணாடித் தகட்டை அதனுள் வைத்துவிட்டால் போதும். மார்பகப் புற்றுக்கட்டிக்குள் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் எவ்வளவு புகுந்திருக்கின்றன என்பதைத் தேநீர் ஆறுவதற்குள் சதவீதமாகச் சொல்லிவிடுகிறதாம். என் இருக்கையில் இப்போது அமர்ந்திருக்கும் கார்த்திகா அந்த இயந்திரத்தைப் படமெடுத்து அனுப்பி, கீழே இப்படி எழுதியிருந்தாள்: "மேடம், நீங்கல்லாம் இத கண்ணாலயா பார்த்து எண்ணுனீங்க? எப்படின்னு எழுதித் தாங்களேன். புதுசா வந்திருக்கற பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டணும்."

என்னிடம் எழுதித் தரச் சொல்வது, ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்து ஐந்தே நிமிடம் பேசுங்கள் என்று சொல்வதைப் போன்றது. என்னை மேடையில் ஏற்றுவது எளிது; இறக்குவதுதான் பாடு. ஆயினும் கார்த்திகா கேட்டுவிட்டாள், நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

முதலில் என்னைப் பற்றி. சுரக்குடியில் நெல் விளைவித்தவரின் மகள் நான். கல்லூரிக் காலத்தில் காரைக்கால், நாகை, மயிலாடுதுறை வட்டாரங்களில் நடந்த பேச்சுப் போட்டிகளில் நான் வென்ற கோப்பைகள், தருமபுரத்தில் உள்ள என் வீட்டின் கண்ணாடி அலமாரியில் இன்றும் பளபளக்கின்றன. தன்னடக்கம் கருதி எண்ணிக்கையைச் சொல்லாமல் விடுகிறேன், இருபத்தேழு. அன்றைய போட்டிகளில் ஆதரித்துப் பேசுவதா மறுத்துப் பேசுவதா என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். எந்தச் சீட்டை எடுத்தாலும் வெல்வேன் என்பதே என் பெருமை. அந்தப் பெருமைக்கு ஒரேயொரு இடையூறு இருந்தது. அவள் பெயர் ஜுலைகா. திருமலைராயன்பட்டினத்து வணிகக் குடும்பத்துப் பெண். என் வகுப்புத் தோழி. எதிரணியில் அமர்ந்துவிட்டால் என் வாதத்தின் தையலைத் தேடிப் பிரிப்பவள். எனக்குக் கிடைக்காத கோப்பைகள் யாவும் அவள் வீட்டில் இருக்கின்றன.

வழக்கறிஞராக வேண்டியவள் ஆய்வக நுட்பர் ஆனேன். காரணம் எளியது, அந்தப் பயிற்சியில் இடம் கிடைத்தது, வேலையும் உறுதி. இரண்டாண்டுப் பயிற்சியில் கண்ணாடி கழுவினேன், கைவிரலை இருமுறை வெட்டிக்கொண்டேன், மெழுகின் குணம் அறிந்தேன். அவ்வளவுதான். கற்றதெல்லாம் பின்னர்தான்.

என் வேலை என்னவென்று அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உடலிலிருந்து எடுத்த திசு, ஃபார்மலினில் ஊறியபடி எங்களிடம் வரும். அதைப் பதப்படுத்தி, பாரஃபின் மெழுகில் பதித்துக் கட்டியாக்குவோம். அந்த மெழுகுக் கட்டியை மைக்ரோடோம் என்னும் வெட்டுப்பொறியில் பொருத்திக் கைப்பிடியைச் சுழற்றினால், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு கனத்தில் நாடா நாடாவாகச் சீவல் வரும். வெதுவெதுப்பான நீரில் அதை மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடித் தகட்டில் ஏந்துவோம். பின்பு சாயம்: அணுக்களின் கரு நீலமாகும், மற்றவை இளஞ்சிவப்பாகும். எங்கள் கடற்கரைப் புழுக்கத்தில் மெழுகைக் குளிர வைக்காமல் வெட்டினால் நாடா சுருண்டுகொண்டு மானத்தை வாங்கும். ஒரு புயலின்போது மூன்று நாள் மின்சாரம் இல்லை. பட்டினத்து மீன் ஏலக்கூடத்திலிருந்து ஐஸ் வாங்கி வந்து மெழுகுக் கட்டிகளைக் குளிர வைத்தேன். அறுவை அரங்கில் இருந்தவர்களுக்கு மதியம்வரை வஞ்சிர மீன் வாசனைக்குக் காரணம் விளங்கவில்லை.

இப்படி இருபது ஆண்டுகள் என் ராஜ்யம் நடந்தது. பிறகு டாக்டர் லூசியா வந்தார்.

திசு நோயியல் நிபுணர். என்னைவிடப் பத்து வயது இளையவர். காரைக்கால் பழைய கத்தோலிக்கக் குடும்பம். வயதான ஊழியர்கள் பிரெஞ்சுக் கால வழக்கப்படி அவரை 'மதாம்' என்பார்கள். காதில் ஒரு பென்சில் செருகியிருக்கும். பேச்சு குறைவு, அடைமொழி அறவே கிடையாது. அவர் வந்த முதல் வாரம், பதிவேட்டில் நான் "மிகப் பெரிய, கொடூரமான கட்டி" என்று எழுதியிருந்தேன். சிவப்பு மையால் அடித்துவிட்டு என்னை அழைத்தார்.

"அக்கா, கொடூரம் எத்தன சென்டிமீட்டருங்க?"

இருபத்தேழு கோப்பைக்காரி அளவுகோலைத் தேடிப் போனேன்.

மார்பகப் புற்றுநோய் அறிக்கையில் வெள்ளணுக்களின் அளவையும் எழுதும் வழக்கத்தை எங்கள் ஆய்வகத்தில் தொடங்கியவர் அவரே. லிம்போசைட் என்னும் இந்த அணுக்கள் கட்டிக்குள் அடர்ந்து புகுந்திருந்தால், அதிலும் சிலவகைக் கட்டிகளில், கீமோ மருந்துக்குக் கட்டி பணியும் வாய்ப்புக் கூடுதல். நோய் திரும்பாதிருக்கும் வாய்ப்பும் கூடுதல். இதற்குத் தனிச் சாயமோ பெரிய கருவியோ தேவையில்லை. வழக்கமான நீல, இளஞ்சிவப்புச் சாயமும் பொறுமையான கண்ணும் போதும். எங்களிடம் இரட்டைத் தலை நுண்ணோக்கி ஒன்று இருந்தது. ஒரே தகட்டை இருவர் பார்க்கலாம். முதல் நாள் எதிரே அமர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"நிறைய இருக்கு டாக்டர்."

"நிறையன்னா?"

"ஏராளம்."

"ஏராளம்னா?"

"எண்ணற்ற..."

"அப்ப எண்ணாம எந்திரிச்சுப் போயிடலாமா?"

அன்று முதல் எங்களுக்குள் ஒரு முறை ஏற்பட்டது. இருவரும் தனித்தனியே தகட்டைப் பார்த்து, ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் சதவீதத்தை எழுதி மடித்து வைக்க வேண்டும். பிறகு ஒருசேரப் பிரிக்க வேண்டும். பத்துக்கு மேல் வேறுபட்டால் மறுபடி பார்க்க வேண்டும். அதிகம் எழுதியவர் தமக்குச் சாதகமான இடத்தைக் காட்ட, குறைவாக எழுதியவர் மறுப்புக்குரிய இடத்தைக் காட்டுவார். அறிக்கையும் கையெழுத்தும் அவருடையவை. தம் கண் களைத்திருக்கிறதா என்று அறிவதற்கே அவர் என் சீட்டைப் பயன்படுத்தினார். ஆனால் நானோ அதை இருபத்தெட்டாவது கோப்பைக்கான போட்டியாகவே கருதினேன்.

விதிகளை அவர் விரல்விட்டுச் சொன்னார். புற்றணுக் கூட்டங்களுக்கு இடையே இருக்கும் இடைத்திசுவில் மட்டும் பார்க்க வேண்டும். கட்டியின் எல்லைக்கு வெளியே இருப்பது கணக்கில் வராது. செத்துப்போன பகுதி வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, மிக அடர்ந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது; முழுத் திசுவின் சராசரியே வேண்டும்.

இந்தக் கடைசி விதியை நான் உடனே புரிந்துகொண்டேன். பயிர்க் காப்பீட்டுக்காக விளைச்சலை அளக்க அதிகாரிகள் சுரக்குடிக்கு வரும்போதெல்லாம் என் அப்பா அவர்களை அன்போடு கைப்பிடித்து, வயலிலேயே சவலையாக நிற்கும் மூலைக்கு அழைத்துச் செல்வார். அதிகாரிகளும் சிரித்துக்கொண்டே அவர் கையை விலக்கிவிட்டு, தாங்கள் குறித்த இடத்தில்தான் அறுப்பார்கள். புரிந்துகொள்வது வேறு, கடைப்பிடிப்பது வேறு என்பதை அப்பா ஒவ்வோர் ஆண்டும் மெய்ப்பித்தார். என் முறையும் வந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு பயாப்ஸி வந்தது. மார்பகக் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த நான்கு இழைகள். இடியாப்பத் துண்டுகள் போல இருந்தன. விண்ணப்பத்தில் பெயர்: ஜுலைகா. ஊர்: திருமலைராயன்பட்டினம். பணி: தலைமையாசிரியை.

(இதை அவளிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். பெயரை மாற்றட்டுமா என்றதற்கு, "கோப்பையில பேர மாத்தியா வெட்டுனாங்க? அப்படியே போடுடீ" என்றாள்.)

அன்று மதியமே அவளைக் கூடத்தில் கண்டேன். அவள்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"என் சதைய நீதான் சீவப் போறியாமே? பார்த்துடீ, பழைய பகைய அதுல காட்டிடாத."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"எலுமிச்சம்பழம் அளவு இருக்காம். மொதல்ல கீமோ கொடுத்துச் சுருக்கிட்டு அப்பறம் அறுக்கணுமாம். எனக்கு அதெல்லாம் வேணாம். வெட்டிப் போடுங்க, நான் பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னுட்டேன். எங்க லாத்தா அந்த மருந்துலயே கெடந்து, சோறு தண்ணி எறங்காம மவுத்தாப் போனா. நான் பக்கத்துல இருந்து பார்த்தவ."

லாத்தா என்றால் அவளுடைய அக்கா.  மேடையில் என்றால் மறுத்துப் பேசியிருப்பேன்.

அடுத்த வாரம் புதுச்சேரியிலிருந்து சிறப்புச் சோதனை முடிவு வந்தது. ஹார்மோன் மாத்திரை பிடித்துக்கொள்ள வேண்டிய இரண்டு பிடிகளும் இல்லை. ஹெர்-2 என்ற மூன்றாவது பிடியும் இல்லை. ட்ரிபிள் நெகட்டிவ் என்பார்கள். இவ்வகைக்கு அன்று கையிலிருந்த பெரிய ஆயுதம் கீமோ ஒன்றே. அதைத்தான் அவள் வேண்டாம் என்கிறாள். இவ்வகைக் கட்டியில்தான் வெள்ளணுக்களின் அளவு அதிகம் பேசும் என்பதும் எனக்குத் தெரியும். உயர்ந்த எண் ஒன்று கையில் கிடைத்தால் அவள் வாதத்தை ஒரே வீச்சில் சாய்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

டாக்டரின் எதிரே அமர்ந்தேன். முதல் இழையின் ஓரத்தில் கருநீலப் புள்ளிகள் எள்ளைக் கொட்டியது போல் குவிந்திருந்தன. என் கண் அங்கேயே குடியேறியது. அறுபது என்று எழுதி மடித்தேன்.

பிரித்தோம். அவருடைய சீட்டில் இருபது.

"அதிகம் எழுதுனவங்க மொதல்ல காட்டுங்க அக்கா," என்றார்.

காட்டினேன். அவர் தகட்டைச் சற்றே நகர்த்தினார். நான் காட்டிய குவியலைச் சுற்றிப் புற்றணுவே இல்லை. அது கட்டியின் எல்லைக்கு வெளியே, சாதாரணப் பால்குழாய் ஒன்றின் அருகே இருந்தது. பிறகு இரண்டாம் இழை, மூன்றாம் இழை, நான்காம் இழை என்று ஒவ்வொன்றாக ஓட்டினார். அங்கங்கே சிதறிய புள்ளிகள். ஓரிடத்தில் கொஞ்சம் அடர்த்தி. ஓரிடத்தில் வெறும் இளஞ்சிவப்பு. நான் அந்த மூன்று இழைகளையும் ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்ததோடு சரி.

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் கோபப்படும் முறை அது.

"இந்த அம்மா ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"கூடப் படிச்சவ, டாக்டர். மருந்து வேண்டாங்கறா. பெரிய நம்பரா இருந்தா ஒத்துக்குவான்னு..."

"நம்பர் சின்னதா இருந்தாலும் மருந்து மொதல்லதாங்க. இருபதுன்னா பலனே இல்லன்னு யாரு சொன்னா? வாய்ப்பு கொஞ்சம் கொறைச்சல், அவ்வளவுதான். ஆனா நாளைக்கு மருந்து சரியா கேக்கலன்னா, அறுபதுன்னு நம்பி வந்த அந்தம்மா யார்கிட்டப் போய்க் கேப்பாங்க?"

 அறிக்கையில் இருபது என்றே தட்டெழுத்தானது. என் சீட்டைக் கிழிக்கப் போனேன். "வெச்சுக்குங்க," என்றார்.

இரு நாள் கழித்து ஜுலைகா அறிக்கையோடு நேரே ஆய்வகத்திற்கே வந்துவிட்டாள். அறுவைச் சிகிச்சை நிபுணர் சொன்னதில் ஒரு வரி தனக்கு விளங்கவில்லை என்றாள். டாக்டர் லூசியா எவரையும் அவ்வளவு எளிதில் உள்ளே விடமாட்டார், அன்று விட்டார். தம் இருக்கையில் அவளை அமரவைத்து, தகட்டை வைத்து, எதிர்த்தலையில் என்னை உட்காரச் சொன்னார்.

"அவங்களே சொல்லட்டும்," என்றார்.

என் வாழ்நாளில் நான் பேசிய மிகக் கடினமான பேச்சு அதுதான்; ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"செவப்பு நடுவுல கூட்டம் கூட்டமா இருக்குல்ல, அது கட்டி. அதுக்கு நடுவுல நீலமா பொட்டுப் பொட்டா தெரியறது ஒன்னோட வெள்ளணு. கட்டிய எதிர்க்க உள்ள போயிருக்கு. எவ்வளவு போயிருக்கோ அவ்வளவுக்கு மருந்துக்கும் தொணை."

"எவ்வளவு போயிருக்கு?"

"இருபது சதவீதம்."

அவள் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"இருபதா? நீயா சொல்ற? காலேஜ்ல நாப்பது பேர் உட்கார்ந்திருந்த ஹால்ல 'ஆயிரமாயிரமாய்த் திரண்டிருக்கும் பெருமக்களே'ன்னு ஆரம்பிச்ச ஆளுடீ நீ!"

"மொதல்ல அறுபதுன்னுதான் எழுதுனேன்." சட்டென்று எழுந்து, மேசை இழுப்பறையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினேன். "ஒனக்காகக் கூட்டி எழுதுனேன். தப்பு. நல்லா இருந்த எடத்த மட்டும் பார்த்தேன்."

ஜுலைகா சீட்டை வாங்கிப் பார்த்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். நாற்காலியின் சக்கரம் நகரும் அளவுக்குச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் குரல் மாறிவிட்டது.

"அறுபதுன்னு சொல்லியிருந்தா, இவ ஜெயிக்கறதுக்குப் பேசறான்னு எந்திரிச்சுப் போயிருப்பேன். நீ இருபதுன்னு சொல்ற. அப்ப அது நெசந்தான்." டாக்டர் பக்கம் திரும்பினாள். "மதாம், இருபதுன்னா எனக்கு ஒரு வழி இருக்குதானே?"

"இருக்குங்க. கஷ்டமும் இருக்கு. வாந்திக்கு இப்ப நல்ல மருந்து இருக்கு. ஒங்க அக்கா காலத்துல இருந்த மாதிரி இல்ல. ஆனா உறுதி சொல்ல மாட்டேன்."

"உறுதி சொன்னா நம்பியிருக்க மாட்டேன். சரி, போட்டுக்கறேன்."

அடுத்த ஐந்து மாதமும் மருந்து. இடையிடையே ஆய்வகக் கதவைத் தட்டி எட்டிப் பார்ப்பாள். "முடி போனது என் முக்காட்டுக்கு மட்டுந்தான் தெரியும். நீதான் கொண்ட போட்டுக்கிட்டு அலட்டற," என்பாள். ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள்; அன்று கிண்டல் இல்லை. இரண்டு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக் கொடுத்தேன். அரைப் பிஸ்கட் தின்றாள். 

பிறகு அறுவைச் சிகிச்சை. எடுத்த திசு எங்களிடம் வந்தது. கட்டி இருந்த இடத்தை அடையாளம் காட்ட முன்பே பதித்திருந்த சிறு உலோகக் கிளிப்பைத் தேடிக் கண்டுபிடித்தோம். எலுமிச்சம்பழம் இருந்த இடத்தில் வெண்மையான தழும்பு மட்டுமே. டாக்டர் துண்டு துண்டாக அரிந்து வரைபடத்தில் எண்ணிட்டுக் கொடுக்க, பன்னிரண்டு மெழுகுக் கட்டிகள் செய்தேன். பன்னிரண்டையும் வெட்டிச் சாயமேற்றி வரிசையாக வைத்தேன். ஒன்றிலும் புற்றணு இல்லை. பன்னிரண்டு பேர் மேடையேறி ஒரே குரலில் அவளுக்காகப் பேசியது போலிருந்தது. பட்டினத்துக்கு ஓடிச்சென்று சொல்லிவிடலாமா என்று கால் பரபரத்தது.

டாக்டரும் புன்னகைத்தார், அது அபூர்வம். "முழுசா கரைஞ்சிருக்கு போலிருக்கே. நாளைக்கு அறிக்கை எழுதிடலாம்," என்றார்.

அன்று மாலை மிச்சத் திசு ஊறிய ஜாடியை எடுத்து வைக்கும் நேரத்தில் வரைபடத்தை மீண்டும் எடுத்தேன். கிளிப்புக்கு இடப்பக்கம், இரண்டு துண்டுகளுக்கு நடுவே, நகக்கண் அளவில் ஒரு சிறு துண்டு எண்ணிடப்படாமல் ஃபார்மலினிலேயே கிடந்தது. என் உள்ளம் முழுவதும் ஒரே அணியில் நின்றது: வேண்டாம், விட்டுவிடு, பன்னிரண்டு சாட்சி போதும். அப்படி ஒரே குரலாக ஒலித்ததாலேயே எனக்கு ஐயம் வந்தது. அப்பாவைப் போல நான் மறுபடியும் எனக்குச் சாதகமான மூலையில்தான் நிற்கிறேனோ?

மறுநாள் காலை ஜாடியோடு போய் நின்றேன்.

"டாக்டர், இது ஒண்ணு பாக்கி இருக்கு."

"கிளிப்ப சுத்திப் பன்னெண்டு எடுத்துட்டோமேக்கா. போதாதா?"

"எனக்கு எதிரணிச் சீட்டு விழுந்திருக்கு, டாக்டர். பன்னெண்டு பேர் அவளுக்காகப் பேசியாச்சு; இதையும் பேசவிட்டுட்டு முடிச்சுக்கலாம்."

 அவர் வரைபடத்தில் பதின்மூன்று என்று தாமே எழுதினார்.

பதின்மூன்றாம் தகட்டைச் சாயத்திலிருந்து எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். தழும்புக்கு நடுவே, கடுகளவுகூட இராத ஒரு புற்றணுக் கூட்டம், பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றிலும் கருநீலப் புள்ளிகள், முன்பு இருந்ததைவிட நெருக்கமாக. வழக்கப்படி சீட்டு எழுதினோம். அவர் நாற்பது, நான் முப்பத்தைந்து. மறுபார்வைக்கு அவசியமில்லை.

மிச்சம் இருந்ததால் சிகிச்சை மாறியது. மிச்சமே இல்லையென்றால் அறுவையோடும் கதிர்வீச்சோடும் முடிந்திருக்கும். இப்போது ஆறு மாதம் மாத்திரையும் சேர்ந்தது. செய்தியை மருத்துவர் சொல்லி முடித்ததும் ஜுலைகா என்னிடம்தான் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"பன்னெண்டு பேர் எனக்காகப் பேசுனாங்கன்னு மதாம் சொன்னாங்களே?"

"ஆமா."

"பதிமூணாவது ஆளத் தேடிப் பிடிச்சு எனக்கு எதிரா மேடையேத்துனது நீதானாமே?"

"ஆமா."

"எந்தக் காலத்துலடீ நீ என் பக்கம் பேசியிருக்க?" என்று கேட்டுவிட்டு, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சற்று நேரம் கழித்து, "அந்த மாத்திரையாவது இனிப்பா இருக்குமா?" என்றாள்.

கார்த்திகா, உன் பிள்ளைகளிடம் இதைச் சொல். கணினி களைப்படையாது, எனக்கு மகிழ்ச்சி. ஆனால் திசுவில் எது கட்டியின் எல்லை என்று அதற்குக் கோடு வரைந்து கொடுப்பது நீங்கள்தானாமே? எத்தனை துண்டுகளை மெழுகில் வைப்பது என்பதும் உங்கள் கையில்தானே? அந்த இயந்திரத்தின் பொத்தானை அழுத்துமுன் ஆளுக்கொரு சீட்டு எழுதி மடித்து வையுங்கள்.

சென்ற ஆண்டு மருத்துவமனைக் கூட்ட அறையில் எனக்குப் பணி நிறைவு விழா வைத்தார்கள். டாக்டர் லூசியா மூன்றே வாக்கியம் பேசினார், ஒன்றிலும் அடைமொழி இல்லை, நான் அழுதேன். பிறகு ஒலிபெருக்கி என் கைக்கு வந்தது. நாற்பதாண்டுப் பழக்கம் விடுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆயிரமாயிரமாய்த் திரண்டிருக்கும் பெருமக்களே..." என்று தொடங்கினேன்.

"நாப்பத்திரண்டு!" என்று முதல் வரிசையிலிருந்து ஒரு குரல் கணீரென்று எழுந்தது.

அரங்கம் சிரித்தது. நான் பேச்சை நிறுத்தி, ஒவ்வொரு வரிசையாக, ஓரத்து நாற்காலிகளையும் விடாமல் எண்ணினேன். சரியாகத்தான் சொன்னாள். அவளையும் சேர்த்து நாற்பத்திரண்டு.